ஆறு மாதம் தண்ணீர் படக் கூடாது

ஆகஸ்ட் 3, ஞாயிறு

நேற்று வந்த கூரியரை இன்று காலைதான் பிரித்தேன். நல்ல காரியத்துக்கு ஞாயிற்றுக்கிழமைதான் தோது. ரா டெனிம். தறியிலிருந்து இறங்கியபின் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் பார்க்காத துணி. கருநீலம். தரையில் நிறுத்திவைத்தால் உள்ளே ஆள் இல்லாமலே நிற்கிறது. பத்து வருடமாக ஜீன்ஸ்தான் போடுகிறேன் என்றாலும், இதுவரை போட்டதெல்லாம் கம்பெனிக்காரன் அலசி, தேய்த்து, கிழித்து, பழசாக்கி விற்றது. அடுத்தவன் வாழ்ந்த வாழ்க்கையை விலை கொடுத்து வாங்கி மாட்டிக்கொள்வதுபோல. இதை நான்தான் பழசாக்கப் போகிறேன்.

எத்தனை நாளைக்கு ஒரு முறை ஜீன்ஸைத் துவைப்பது என்று ஊரில் யாரைக் கேட்டாலும் வாரம் ஒன்று என்பான். மடையன். சாதாரண ஜீன்ஸுக்கே எட்டுப் பத்துத் தடவை போட்டபிறகு ஒரு அலசல் போதும். ரா டெனிம் என்றால் ஆறு மாதம் தண்ணீர் படக் கூடாது. உடம்பு எங்கே மடங்குகிறதோ அங்கேதான் சாயம் விட்டுக்கொடுக்கும். தொடையில் வரி வரியாக, முட்டிக்குப் பின்னால் தேன்கூடு மாதிரி, பையில் போன் வைத்த இடத்தில் போனின் உருவம். அவசரப்பட்டுத் துவைத்தால் அத்தனையும் போச்சு. நான் சிம்மக்கல்லில் பைக் ஸ்டிக்கர் கடை வைத்திருப்பவன். நாள் முழுக்க முட்டி போட்டுத்தான் பிழைப்பு. எனக்கு விழப்போகிற முட்டி வெளுப்பு எங்கள் டெனிம் குழுவில் எவனுக்கும் விழாது. எந்த வரி எப்போது விழுந்தது என்று எழுதிவைக்கக் குழுவில் ஆளுக்கொரு டைரி வைத்திருக்கிறார்கள். நானும் ஒன்று வாங்கிவிட்டேன். பிப்ரவரி முதல் தேதிதான் முதல் அலசல்.

வினோதினி பார்த்துவிட்டு, கஞ்சி போட்ட சாக்கு மாதிரி இருக்கிறது என்று சிரித்தாள். கல்யாணமாகி இரண்டு வருடத்தில் அவளுக்குச் சமையல் வந்துவிட்டது, எப்போது சிரிக்க வேண்டும் என்பது மட்டும் வரவில்லை. பேச வேண்டியதைப் பேசினேன். அதன்பிறகு சிரிக்கவில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

உட்கார்ந்தால் தொடை இறுக்குகிறது. நல்ல அறிகுறி.

ஆகஸ்ட் 15, வெள்ளி

சாயம் இறங்க ஆரம்பித்திருக்கிறது. உட்கார்ந்த இடமெல்லாம் நீலம். பைக் சீட், நாற்காலி, என் தொடைத்தோல். இது குறை இல்லை, குணம். வினோதினிக்குத்தான் புரியவில்லை. கம்பத்திலிருந்து அவள் அம்மா கொடுத்துவிட்ட வெள்ளை விரிப்பில் நீலம் ஏறிவிட்டதாம். வீட்டில் இருக்கும்போதாவது கைலி கட்டக் கூடாதா என்று கேட்டாள். லீவு நாள், மனுஷன் நிம்மதியாகக் காப்பி குடிக்கிற நேரம். டம்ளர் கை தவறிவிட்டது. தவறின டம்ளர் அவள் புருவத்தில் போய்ப் பட்டது.

ரத்தம் நிற்கவில்லை. அவளைத் தரையில் உட்கார்த்தி, தலையை என் மடியில் சாய்த்து, துண்டை வைத்து நானேதான் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். எத்தனை புருஷன் இதைச் செய்வான்? எழுந்து பார்த்தால் வலது தொடையில் ரூபாய்க் காசு அகலத்துக்குக் கறை. கல்யாணத்துக்கு முன்னால் அவள் ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்த்தவள். அதனால் முதலில் அவள் கண்ணில்தான் பட்டது. பச்சைத் தண்ணீரில் இப்போதே அலசினால் போய்விடும், காய்ந்தால் போகாது, துவைக்கட்டுமா என்றாள். இரண்டு வாரம்கூட ஆகாத துணியில் தண்ணீரா? தொடாதே என்றேன். காய்ந்தால் நீலத்தோடு நீலமாகக் கலந்துவிடும்.

ஆகஸ்ட் 30, சனி

தொடையில் முதல் வரி. மூன்று கோடு. குழுவில் படம் போட்டேன்.

செப்டம்பர் 7, ஞாயிறு

வியர்வை வாடை அடிக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதற்கும் வழி இருக்கிறது. உள்பக்கத்தை வெளியே திருப்பி, நிழலில், காற்று வரும் இடத்தில் தொங்கவிட வேண்டும். நேர் வெயில் ஆகாது. மொட்டைமாடிப் படியடியில் ஒரு கொக்கி அடித்து மாட்டினேன். கீழ்வீட்டு நூர்ஜகான் அக்கா, வீட்டுக்காரம்மா, வடகம் காயப்போட வந்து மூக்கைப் பொத்திக்கொண்டு, என்ன தம்பி எலி கிலி செத்துக் கிடக்கா என்று கேட்டார். வாடகை கொடுக்கிறேன், வாசனையும் சேர்த்துக் கொடுக்க முடியாது என்றேன்.

சாயங்காலம் காளவாசல் சிக்னலில் ஒரு ஆட்டோக்காரன் பார்க்காமல் வெற்றிலையைத் துப்பினான். என் முழங்காலுக்குக் கீழே தெறித்தது. சாரி சார் என்றான். சாரி சொன்னால் வெற்றிலை வாய்க்குள் திரும்பிப் போகுமா? ஹெல்மெட்டைக் கழற்றி இரண்டு போட்டேன். கண்ணாடி நொறுங்கிவிட்டது, ஹெல்மெட் கண்ணாடியைச் சொல்கிறேன். அவன் வாயிலிருந்து வழிந்தது மிச்ச வெற்றிலையா வேறா என்று பார்க்க நான் நிற்கவில்லை, பச்சை விழுந்துவிட்டது. வீட்டுக்கு வந்து ஈரத்துணியால் ஒற்றி எடுத்தேன். தேய்க்கக் கூடாது, ஒற்ற வேண்டும். ரா டெனிமில் கறை எடுக்க மென்மையான கை வேண்டும்.

செப்டம்பர் 21, ஞாயிறு

கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் என் படத்தின் கீழே எழுதியிருக்கிறார், வலது தொடைக் கறை அப்படியே ஓவியம் மாதிரி வந்திருக்கிறதாம், எதனால் என்று கேட்கிறார். வெற்றிலை என்று பதில் போட்டேன். மனதுக்கு நிறைவாக இருந்தது.

அந்த நிறைவைக் கெடுத்தாள். பழைய லேப் மேடம் போன் செய்தாராம், ஆள் போதவில்லை, காலை மட்டும் வந்தால்கூடப் போதும் என்றாராம். வேலைக்குப் போவதில்லை என்று பேசித்தான் கல்யாணம் நடந்தது. அப்படிப் பேசியதே தனக்குத் தெரியாது என்கிறாள். பெரியவர்கள் பேசியது அவளுக்கு ஏன் தெரிய வேண்டும்? ஒரே ஒரு அறை. அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே சில்லுமூக்கு, தொட்டால் உடையும். தலையைப் பின்னால் சாய் என்று சொல்லச் சொல்லக் கேட்காமல் குனிந்து, என் இடது பையின் விளிம்பிலேயே சொட்டு சொட்டாக விழவிட்டாள். அப்புறம் வழக்கம்போல ஒரு கேள்வி, துவைக்கட்டுமா என்று. வேண்டாம் என்றேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

வாடைக்குக் குழுவில் இன்னொரு வைத்தியம் சொன்னார்கள். பையில் கட்டி ஒரு நாள் முழுக்க ஃப்ரீசரில் வைத்துவிட்டால் கிருமி செத்துவிடும், தண்ணீரும் படாது. வைத்தேன். கடையிலிருந்து வந்து பார்த்தால் ஜீன்ஸ் சமையல் மேடையில் கிடக்கிறது, ஈரம் கோத்து, பக்கத்திலேயே மஞ்சள் தூள் டப்பா. ஐஸ் எடுக்க வெளியே எடுத்தவள் திரும்ப வைக்க மறந்துவிட்டாளாம். எதற்கு ஐஸ் என்றால் கன்னத்துக்கு என்கிறாள். நேற்றைய கன்னத்துக்கு இன்று ஐஸ்.

இடது கையைப் பிடித்து லேசாகத் திருப்பினேன். ஒரு சத்தம் கேட்டது. புதூர் எலும்பு டாக்டரிடம் நானேதான் கூட்டிப்போனேன், படியில் தடுக்கிவிட்டாள் என்று நானேதான் சொன்னேன். டாக்டர் அவளைப் பார்த்தார். அவள் சுவரைப் பார்த்தாள். மாவுக்கட்டு.

முதல் அலசலுக்குக் கவனிக்க வேண்டியவை, மறக்காமல் இருக்க இப்போதே எழுதிவைக்கிறேன்: வாளியில் குளிர்ந்த தண்ணீர், சோப்புத் திரவம் மிகக் கொஞ்சம். உள்பக்கம் வெளியே. கல்லில் அடிக்கக் கூடாது. எக்காரணம் கொண்டும் முறுக்கிப் பிழியக் கூடாது, இழை உடைந்துவிடும்.

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

விடிகாலையே பைக்கில் கம்பம். மாமியார் வீட்டில் எனக்கு எடுத்த வேட்டி சட்டையை வாங்கிக்கொண்டேன், ஆனால் ஜீன்ஸை மாற்றவில்லை. நல்ல நாளில் இதென்ன அழுக்கு என்று யாரோ முணுமுணுத்தார்கள். கண்டுகொள்ளவில்லை.

இலை போடுகிற நேரத்தில் அவள் அண்ணன் ஜெயபாண்டி வந்து எதிரில் உட்கார்ந்தார். ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஜீப் ஓட்டுகிறவர், அதிகம் பேசமாட்டார். அவர் கேட்ட தோரணைதான் எனக்கு ஆகவில்லை.

"மாப்ள, எங்க வீட்டுப் புள்ள கை எப்படி ஒடிஞ்சுச்சு?"

நான் வாய் திறக்கும் முன்பே வினோதினி படியில் விழுந்ததாகச் சொல்லிவிட்டாள். சொன்னாள்தான். ஆனால் சொல்வதற்கு முன்னால் என் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொன்னாள். அதை ஜெயபாண்டியும் பார்த்தார். அந்த ஒரு பார்வையில் என் மானம் போச்சு. சாப்பிடாமல் எழுந்தேன். அவளையும் ஏற்றிக்கொண்டு, தேனிக்கு அப்பால் மழை பிடித்துக்கொண்டாலும் நிற்காமல் வந்தேன். நல்லவேளை, மழைச்சட்டை இருந்தது, ஜீன்ஸ் நனையவில்லை.

வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்தி, ஷூவைக்கூடக் கழற்றாமல், பேச வேண்டியதைப் பேசினேன். வெளியே வெடிச்சத்தம்.

அக்டோபர் 22, புதன்

இடது கால் அடி மடிப்பு பிரிந்திருந்தது. மண்ணும் அழுக்கும் சேர்ந்து இறுகிப்போயிருந்தது. தட்டிவிட்டு, மறுபடி ஒழுங்காக மடித்தேன். வினோதினி விலாவைப் பிடித்துக்கொண்டு படுத்தே கிடக்கிறாள். உதடு வீங்கியிருக்கிறது. பட்டாசுப் புகை ஒத்துக்கொள்ளவில்லைபோல.

நான் மடிப்பைத் தட்டுவதைப் படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தவள், துவைக்கட்டுமா என்றாள். இதில் துவைக்க என்ன இருக்கிறது? வேண்டாம் என்றேன்.

நவம்பர் 16, ஞாயிறு

எழுத மறந்தேபோனது, வினோதினி மாறிவிட்டாள். அடியாத மாடு படியாது என்று சும்மாவா சொன்னார்கள். வேலைப் பேச்சு இல்லை, கம்பத்துப் பேச்சு இல்லை. ஜீன்ஸை இப்போது என்னைவிட அவள்தான் பத்திரமாகப் பார்க்கிறாள். நான் குளிக்கப் போனால் எடுத்துத் திருப்பி நிழலில் மாட்டுகிறாள். தூசியைக்கூடத் தட்டுவதில்லை, சாயம் உதிருமாம். வியாழக்கிழமை திடீர் மழை. கடையில் இருந்தேன், மாடிக் கொக்கியில் ஜீன்ஸ் தொங்குகிறதே என்று பதறிக்கொண்டு வந்தால், அவள் மாவுக்கட்டுக் கையோடு ஓடிப்போய் எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். தான் முழுக்க நனைந்திருந்தாள். ஜீன்ஸ் நனையவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அன்று அல்வா வாங்கிக் கொடுத்தேன்.

இன்று நூர்ஜகான் அக்கா தண்ணீர்த் தொட்டி பார்க்க மேலே வந்தபோது, அவர் எதிரிலேயே கேட்டாள்.

"ஏங்க, தொடையில, பைகிட்ட எல்லாம் கறை இருக்கே, ஒரு தடவ துவைக்கட்டுமா?"

எனக்குப் பெருமையாக இருந்தது. என்னைத் தவிர இதில் யார் கையும் படக் கூடாது, பிப்ரவரி வரைக்கும் சொட்டுத் தண்ணி படக் கூடாது என்று அக்காவுக்கும் கேட்கும்படி சொன்னேன். என் வீட்டில் என் பேச்சுக்கு என்ன மரியாதை என்று அந்தம்மாவும் பார்க்கட்டும். அக்கா கறையையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு இறங்கிப்போனார்.

டிசம்பர் 9, செவ்வாய்

முட்டிக்குப் பின்னால் தேன்கூடு விழுந்துவிட்டது. குழுவில் இருக்கும் கொச்சிக்காரன் ஒருவன் நேரிலேயே வந்து பார்க்க வேண்டும் என்கிறான்.

டிசம்பர் 28, ஞாயிறு

கடையில் பையன் ஒருவன் டேங்க் ஸ்டிக்கரில் காற்றுக்குமிழி விட்டுவிட்டான். ஸ்டிக்கர் தேய்க்கிற கட்டையால் விரலில் ஒன்று வைத்தேன். வேலையை விட்டு ஓடிவிட்டான். இந்தக் காலத்தில் யாருக்கும் பொறுமை இல்லை.

ஜனவரி 14, புதன், போகி

ஊரே பழையதை எரிக்கிறது. வீட்டில் புகை. எரிக்க வேண்டியதை எரிக்காமல் வினோதினி டிரங்குப் பெட்டியைக் கிளறி, அவளுடைய பழைய லேப் கோட்டை எடுத்திருக்கிறாள். வெள்ளைக் கோட்டு. மாடியில் துவைக்கிற கல்லில் அதைப் போட்டு அடித்துத் துவைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்துக் கொக்கியில் என் ஜீன்ஸ் மாட்டியிருந்தது. அதில் தண்ணீர் தெறிக்கிறதா என்று பார்க்கத்தான் மேலே போனேன். ஜீன்ஸை எடுத்து மாட்டிக்கொண்டுதான் கேட்டேன், இது எதற்கு என்று.

தை பிறந்ததும் லேபுக்குப் போகப் போகிறாளாம். மேடத்திடம் சொல்லியாகிவிட்டதாம். கேட்கவில்லை, சொன்னாள். குனிந்து கோட்டை அலசிக்கொண்டே, என்னைத் திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்.

பேச வேண்டியதைப் பேசினேன். கல் வழுக்கல், சோப்பு வேறு. நெற்றி கல்லில் பட்டது. ஒன்றுக்கு மேல் பட்டிருக்கலாம். விழும்போது பிடித்துக்கொள்ள எதுவும் கிடைக்காமல் என் காலைப் பிடித்தாள். இடது தொடையில் உள்ளங்கை முழுசாக விழுந்துவிட்டது, நான்கு விரலும் தெளிவாகத் தெரிகிறது. இன்னும் இரண்டரை வாரம்தான் இருக்கும்போது இப்படி. ஆத்திரத்தில் அந்தக் கோட்டை எடுத்துத் தெருவில் போகி நெருப்பில் போட்டேன்.

சத்தம் கேட்டு நூர்ஜகான் அக்கா வந்துவிட்டார். சோப்பில் வழுக்கினாள் என்றேன். அந்தம்மா என்னிடம் பேசவே இல்லை, ஆட்டோ பிடித்து அவளைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்விட்டார். ஒன்பது தையல். தலைக்கட்டோடு வந்தவள் வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று என் தொடையையே பார்த்தாள். துவைக்கட்டுமா என்றாள். அக்கா பின்னால் நிற்கிறார். எனக்கு எரிச்சல் வந்துவிட்டது, எத்தனை தடவை சொல்வது? முதல் தேதி நானே துவைத்துக்கொள்வேன், அதுவரை எவளும் தொடக் கூடாது என்று கத்தினேன்.

குழுவில் கேட்டால் பெயின்ட் என்று சொல்லிக்கொள்ளலாம்.

பிப்ரவரி 1, ஞாயிறு

இன்றுதான். கடைக்கு லீவு. புது வாளி, கைப்பிடி உப்பு, ஒரு மூடி வினிகர், சாயம் நிற்க. கொச்சிக்காரனுக்கு வீடியோ காட்ட போனை ஜன்னலில் சாய்த்து வைத்திருக்கிறேன். தண்ணீர் நிரம்பிக்கொண்டிருக்கிறது. மனசு படபடவென்று இருக்கிறது.

ஜீன்ஸ் கொக்கியில் இல்லை. பீரோவில் இல்லை. வினோதினியும் இல்லை. கீழே நூர்ஜகான் அக்காவின் கதவு பூட்டியிருக்கிறது.

வாளி நிரம்பி வழிகிறது. வாசலில் யாரோ கூப்பிடுகிறார்கள்.

பிப்ரவரி 19, வியாழன், உசிலம்பட்டி

அம்மா வீடு. நேற்றுத்தான் ஜாமீன். நிபந்தனை ஜாமீன், மதுரைக்குள் கால் வைக்கக் கூடாது, தினமும் இங்கே ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும். அம்மா என் துணிமணியோடு இந்த டைரியையும் எடுத்துவந்திருக்கிறாள். ஜீன்ஸ் கணக்கு எழுதுவது என்று நினைத்துவிட்டாள்.

அன்று என்னை அழைத்துப்போனது மகளிர் காவல் நிலையத்துக்கு. உள்ளே போனால் பெஞ்சில் வினோதினி, பக்கத்தில் நூர்ஜகான் அக்கா, அவர்களுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு ஜெயபாண்டி. மேஜைமேல் என் ஜீன்ஸ். ஒரு பெண் போலீஸ் அதை நாலாக மடிக்கப் போனாள். அப்படி மடித்தால் தப்பான இடத்தில் கோடு விழும், விரித்து வையுங்கள் என்று சொன்னேன். இன்ஸ்பெக்டர் அம்மா நிமிர்ந்து பார்த்தார். நாற்பது வயது இருக்கும், சாந்தமான முகம். கோபப்படவில்லை. உட்காரச் சொன்னார். டீ வேண்டுமா என்று கேட்டார்.

இது உங்களுடையதா என்றார். என்னுடையதுதான் என்றேன். வேறு யாராவது போடுவார்களா, தம்பி, சிநேகிதர்கள்? எனக்குச் சுருக்கென்றது. ரா டெனிமைப் பற்றி ஒன்றும் தெரியாதவர் கேட்கிற கேள்வி. இதை இன்னொருவன் போட்டால் அவன் உடம்பின் வரியல்லவா விழும், பாருங்கள், இது என் முட்டி, இது என் போன், இது என் சாவிக்கொத்து என்று ஒவ்வொன்றாகக் காட்டினேன். லாண்டரிக்குப் போட்டீர்களா, வீட்டில் துவைத்தார்களா என்று கேட்டார். ஆறு மாதமாக என் கையைத் தவிர வேறு கை இல்லை, ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டதில்லை, யாரை வேண்டுமானாலும் கேளுங்கள் என்றேன். அவ்வளவு நேரம் என் பேச்சை இத்தனை கவனமாக யாரும் கேட்டதில்லை. பெண் போலீஸ் எழுதிக்கொண்டே இருந்தாள். கறைகள் என்ன என்று கேட்டபோது வெற்றிலை என்றேன். கீழே இருப்பது ஒன்றுதான் வெற்றிலை என்று வினோதினி சொன்னாள். அப்போதுதான் எனக்கு எங்கேயோ உறைத்தது.

என் கூடவே இருந்துகொண்டு இதை எப்படிச் செய்தாய் என்று அவளைப் பார்த்துக் கத்தினேன். எழுந்தேன். ஜெயபாண்டி ஓர் அடி முன்னால் வந்தார். அவள் உட்கார்ந்தபடியே அண்ணனின் கையைத் தொட்டு நிறுத்தினாள். குரலை உயர்த்தவே இல்லை.

"ஒவ்வொரு தடவையும் கேட்டேன், துவைக்கட்டுமான்னு. நீங்கதான் வேணாம்னீங்க."

ஜீன்ஸைப் பிளாஸ்டிக் பையில் போடாமல் பழுப்புக் காகிதத்தில் சுற்றி அரக்கு வைத்தார்கள். காற்றாட இருக்க வேண்டுமாம். அந்த அளவுக்காவது தெரிந்திருக்கிறது.

மார்ச் 3, செவ்வாய்

டெனிம் குழுவிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். கோயம்புத்தூர்க்காரர் கடைசியாக ஒரே ஒரு வரி அனுப்பியிருந்தார். அந்தக் கறையை ஓவியம் என்று சொன்னதற்குத் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் என்று.

மார்ச் 8, ஞாயிறு

அம்மா என் பழைய ஜீன்ஸைக் கல்லில் போட்டு அடித்து, முறுக்கிப் பிழிந்து, உச்சி வெயிலில் போட்டிருக்கிறாள். பார்த்தேன். ஒன்றும் சொல்லவில்லை. அம்மா பயந்துபோய் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதற்குப் பயம் என்று கேட்டேன். உங்கப்பாவும் இப்படித்தான் சத்தமில்லாமல் நின்று பார்ப்பார் என்றாள்.

ஆகஸ்ட் 12, வியாழன்

ஒரு வருடத்துக்கு மேல் இதைத் திறக்கவில்லை. இன்று கோர்ட்டில் வினோதினியின் சாட்சி. எழுதாமல் இருக்க முடியவில்லை.

அரக்கை உடைத்து ஜீன்ஸை மேஜைமேல் விரித்தார்கள். போன வருடம் நான் கடைசியாகப் பார்த்த அதே நிறம். யாரும் போடவில்லை, யாரும் துவைக்கவில்லை. கேஸ் முடிகிறவரைக்கும் யாரும் துவைக்க முடியாது என்று என் வக்கீல் சொல்கிறார். எங்கள் குழுவில் இத்தனை நாள் எவனும் தாக்குப்பிடித்ததில்லை. இந்த நினைப்பு எனக்கு வந்ததை எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் வந்தது.

அவள் லேபிலிருந்து நேரே வந்திருந்தாள். நெற்றியில் தையல் போட்ட தடம் வெள்ளையாகத் தெரிந்தது. புருவத்தில் இன்னொன்று. கூண்டில் ஏறி, அரசு வக்கீல் ஒவ்வொரு கறையாகத் தொட்டுக் காட்டக் காட்ட, யோசிக்காமல் சொல்லிக்கொண்டே போனாள். வலது தொடை, சுதந்திர தினம், காப்பி டம்ளர். பை விளிம்பு, வேலை கேட்டது, மூக்கு. இடது தொடை, போகி, துவைக்கிற கல். எந்த வரி எப்போது விழுந்தது என்று எனக்குத் தெரிவதைவிட அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. எல்லாம் எனக்கும் நினைவிருந்தது. அவள் சொல்கிற மாதிரி இல்லை, வேறு மாதிரி நினைவிருந்தது. டம்ளர் தவறியது, கல் வழுக்கியது என்று.

அப்புறம் அரசு வக்கீல் இடது கால் அடி மடிப்பைப் பிரித்தார். நான் மடித்த மடிப்பு. உள்ளே விரற்கடை அகலத்துக்குக் கறுப்பாக, வறண்டு, துணியோடு துணியாக ஒட்டிக்கிடந்தது. அதுவும் இவளுடைய ரத்தம்தான் என்று பரிசோதனையில் வந்திருக்கிறது என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அது மண் அல்லவா? என் ஜீன்ஸில் எனக்குத் தெரியாமல் ஒரு கறையா?

இது எப்போது என்று நீதிபதி கேட்டார். தீபாவளி அன்று, கம்பத்திலிருந்து வந்து என்றாள். என் வக்கீல் எழுந்து, அன்று கணவன் மனைவிக்குள் சாதாரணமாக வாய்ப்பேச்சு நடந்திருக்கிறது, அதைப் பெரிதுபடுத்துகிறார் என்றார். நான்தான் அவரிடம் அப்படிச் சொல்லியிருந்தேன்.

வினோதினி அவரைப் பார்க்கவில்லை. முதல் தடவையாக என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொள்ள நினைத்தேன், முடியவில்லை.

"அன்னைக்கு அவரு ஒரு வார்த்தைகூடப் பேசலைங்கய்யா. ஷூக் காலால மிதிச்சாரு. நான்தான் பேசிக்கிட்டே இருந்தேன், விட்டுருங்க விட்டுருங்கன்னு. வாய் ஒடஞ்சதுக்கு அப்பறம் என்னாலயும் பேச முடியல."

நீதிபதி தலை குனிந்து எழுதினார்.

பஸ்ஸில் வரும்போது அந்த நாளை நினைத்துப் பார்த்தேன். கம்பத்து இலை நினைவிருக்கிறது. தேனி மழை நினைவிருக்கிறது. ஜீன்ஸ் நனையவில்லை என்பது நினைவிருக்கிறது. கதவைச் சாத்தியது நினைவிருக்கிறது. அதற்கப்புறம் என்ன சொன்னேன் என்று ஒரு சொல்லாவது கிடைக்குமா என்று உசிலம்பட்டி வருகிறவரைக்கும் தேடினேன்.

வீட்டுக்கு வந்து இந்த டைரியை எடுத்துப் பக்கத்தைப் புரட்டினேன். 'பேச வேண்டியதைப் பேசினேன்' என்றிருக்கிறது. என் கையெழுத்துதான்.